இரு திசை நோக்கிய பள்ளி: சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் வரலாறும் கட்டடக்கலையும்

முன்னுரை

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடப்போர், மோஸ்க் தெருவின் முனையைக் கடந்தவுடன் வலப்புறத்தே இரண்டு எண்கோண மினாராக்களைக் காண்பர். அவற்றின் உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடங்கள் அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சிறிய அரண்மனையின் முகப்புப் போன்ற சுவர் எழுந்து நிற்கும். இன்னும் சில அடிகள் நடந்து பகோடா தெருவைத் தாண்டினால் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம் கண்ணில் படும். சுற்றுப்புறம் முழுவதும் சீனர் கடைவீடுகள். சுற்றுலாக் கையேடுகள் இவ்விடத்தைச் சைனாடவுன் என்றே குறிக்கின்றன. 2003ஆம் ஆண்டு இப்பகுதியில் திறக்கப்பட்ட விரைவு இரயில் நிலையத்தின் பெயரும் அதுவே.

இப்பெயர் காரணமாகவே இப்பள்ளிவாசலைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் நிலைத்துவிட்டது. சீனர் பகுதிக்குள் எவ்வாறோ வந்து சேர்ந்துவிட்ட ஓர் அயற்பொருளாக அதனைக் காட்டுவது வழக்கமாகியுள்ளது. உண்மை வேறு. ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தது. அதனைச் சூழ்ந்துள்ள கடைவீடுகளுள் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பின்னர் வந்தவை. வந்தேறியாகக் கருதப்படுவது உண்மையில் மூத்த குடியாகும். நகரம்தான் அதனைச் சுற்றி வளர்ந்தது.

இக்கட்டுரையில் இப்பள்ளிவாசலின் வரலாற்றையும் அமைப்பையும் ஒருசேர நோக்க முற்படுகின்றோம். கட்டடத்தை மட்டும் நோக்குவோர் அதனை ஒரு கலப்புப் பாணி என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். சமூக வரலாற்றை மட்டும் நோக்குவோர் கட்டடத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்குவன என்பது எமது கருத்து.

சூலியாக்களும் நகர வரைபடமும்

'சூலியா' என்னும் சொல், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டுத் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கு வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்க ஐரோப்பியர் ஆவணங்களில் பெரிதும் வழங்கியது. சோழர் என்னும் பெயரோடு அதனைத் தொடர்புபடுத்துவதே அறிஞரிடையே பெருவழக்கு. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கடலூர் முதலிய துறைகளிலிருந்து இவர்கள் கப்பலேறினர். இவர்களுக்கு மலாய்த் தீவுகள் புதிய நிலமன்று. ஆங்கிலேயர் பினாங்கில் 1786ஆம் ஆண்டு குடியேற்றம் நிறுவியபோது, கெடாத் துறைகளில் முன்பே வணிகம் செய்துவந்த சூலியாக்கள் அங்கு விரைவில் இடம்பெயர்ந்தனர். சிங்கப்பூர் 1819இல் திறக்கப்பட்டபோது பினாங்கிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் இங்கு வந்தவர் பலர். ஆகவே சிங்கப்பூரின் தமிழர் வரலாற்றைத் தமிழகத்திலிருந்து நேரே தொடங்கிய ஒன்றாகக் கொள்வது பொருந்தாது. அதன் இடைநிலையில் பினாங்கு நிற்கிறது.

1824ஆம் ஆண்டு சனவரியில் எடுக்கப்பட்ட முதல் குடிக்கணக்கில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. அவர்களுள் இந்தியர் 756 பேர். மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, பூகிசு மக்கள் 1,925 என்னும் எண்களோடு ஒப்பிட இது சிறிய தொகையே. இவர்கள் அனைவரும் முஸ்லிம்களும் அல்லர். அனைவரும் தமிழரும் அல்லர். எனினும், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் இச்சிறு கூட்டத்தினின்று மூன்று முஸ்லிம் வழிபாட்டிடங்களும் ஓர் இந்துக் கோயிலும் தோன்றியுள்ளன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1826இல் ஜாமிஆ பள்ளிவாசல். 1827இல் தெலுக் ஆயர் தெருவில் ஓலைக்குடிசையாகத் தொடங்கிய பள்ளி. அதே தெருவில் 1828 முதல் 1830க்குள் எழுந்த நாகூர் தர்கா. 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயில். தங்கிப் பொருளீட்டித் திரும்பிச் செல்லும் எண்ணம் மட்டுமே உடையோர் இவ்வளவு விரைவாக இவ்வளவு கட்டியிருக்கமாட்டார்கள். குடியேற்ற வரலாற்று நூல்களில் 'நிலையற்ற தொழிலாளர்' என்னும் தொடர் தொடக்ககால இந்தியர்க்கு எளிதாக வழங்கப்படுகின்றது. இக்கட்டடங்கள் அத்தொடரை ஏற்க மறுக்கின்றன.

ராபிள்ஸ் 1822ஆம் ஆண்டு நவம்பரில் நகரக் குழுவுக்கு வழங்கிய அறிவுறுத்தலில், இனந்தோறும் தனித்தனிக் கம்போங்களை ஒதுக்குமாறு பணித்தார். சூலியாக்களுக்கு ஆற்றின் மேற்பகுதியில் இடம் ஒதுக்குவது தகும் என்பது அவர் கருத்து. சரக்குப் படகோட்டிகளாகவும் சுமைகூலிகளாகவும் அவர்களை அவர் கண்டதே இதற்குக் காரணம். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்து 1828இல் அச்சேறிய நகர வரைபடத்தில் 'சூலியா கம்போங்' என்னும் பகுதி ஆற்றின் மேற்போக்கில் குறிக்கப்பட்டுள்ளதைக் காணலாம்.

ஆயின் சூலியாக்கள் தம் பெரிய பள்ளிவாசலை அக்கம்போங்கினுள் கட்டவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவர்கள் தேர்ந்துகொண்ட இடம் சீனர்க்கென ஒதுக்கப்பட்ட பகுதியை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலை. மாரியம்மன் கோயிலுக்கு நிலம் பெற்ற நாராயண பிள்ளையும் முதலில் தெலுக் ஆயரிலும் பின்னர் வேறோரிடத்திலும் நிலம் பெற்று, அவை ஒத்துவராமையால் 1823இல் இதே சாலையில் இடம்பெற்றார். தெலுக் ஆயர் நிலத்தை விடுத்தமைக்கு வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அங்கு இல்லாமையே காரணம் எனப்படுகின்றது. வரைபடத்தில் கோடு போட்டவர் ஒருவர். அந்நிலத்தில் நடமாடி, நீரையும் சந்தையையும் கரையையும் பார்த்து இடம் தேர்ந்தவர் வேறொருவர். நகரத்தின் உண்மையான வடிவம் இவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த உடன்பாட்டில் உருவாயிற்று எனலாம்.

பள்ளி, பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி

இப்பள்ளிவாசலுக்கு வழங்கிய பெயர்கள் பல. சூலியா பள்ளிவாசல் என்றும் மைதீன் பள்ளி என்றும் ஆவணங்களில் அது குறிக்கப்பட்டுள்ளது. தமிழ் முஸ்லிம்கள் அதனைப் 'பெரிய பள்ளி' என்றே அழைத்தனர். அதன் பெயராலேயே பக்கத்துத் தெரு மோஸ்க் தெருவாயிற்று.

'பெரிய பள்ளி' என்பதற்கு இணையாகத் தெலுக் ஆயர் தெருவில் இருந்த சிறு பள்ளியை ஆங்கில ஆவணங்கள் 'கூச்சூ பல்லி' என்று எழுதின. அச்சொல் தமிழ் என்றும் 'குடிசைப் பள்ளி' எனப் பொருள்படும் என்றும் பின்வந்த நூல்கள் விளக்கம் தருகின்றன. விளக்கம் சரியே, ஆயினும் சொல்லின் வடிவத்தை அவை மீட்டுத் தரவில்லை. தமிழில் 'குச்சு' என்பது சிறுகுடிலைக் குறிக்கும். குச்சு வீடு என்னும் வழக்கு சிற்றூர்களில் இன்றும் உண்டு. எனவே அது 'குச்சுப் பள்ளி' ஆதல் வேண்டும். 1850க்கும் 1855க்கும் இடையே செங்கல் கட்டடமாக மாறிய பின்னரும் அப்பெயர் அதனை விட்டு நீங்கவில்லை. இன்று அல் அப்ரார் பள்ளிவாசல் என்னும் அரபுப் பெயரே முறைப்படி வழங்குகின்றது.

'பள்ளி' என்னும் சொல்லின் பயணமும் ஈண்டுக் கருதத்தக்கது. சமணரும் பௌத்தரும் தங்கிய இடங்களுக்குப் பழந்தமிழில் பள்ளி என்பதே பெயர். அவற்றுக்கு விடப்பட்ட இறையிலி நிலம் 'பள்ளிச்சந்தம்' எனக் கல்வெட்டுகளில் வழங்கியது. அதே சொல் சோனகர் தொழுமிடத்திற்கும் உரியதாயிற்று. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று சோனகர் பள்ளியைக் குறிக்கின்றது. ஆகவே, 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கு வந்தோர் 'பெரிய பள்ளி' என்று வாய்திறந்து சொன்னபோது, ஆறு நூற்றாண்டுகளுக்குக் குறையாத ஒரு சொல்மரபைக் கடல்கடந்து கொணர்ந்தனர். இச்செய்தியை இங்குள்ள மரபுடைமைப் பலகைகளில் நாம் காண முடிவதில்லை.

சிங்கப்பூரில் சூலியா என்னும் சொல்லும் ஒரு மோதலைக் கடந்து வந்தது. நகரின் வணிகப் பகுதியில் 'கிளிங் தெரு' என ஒன்று இருந்தது. கலிங்கம் என்பதன் திரிபாகக் கருதப்படும் 'கிளிங்' தொடக்கத்தில் இழிபொருள் உடையதன்று, காலப்போக்கில் அவ்வாறாயிற்று. இந்தியர் எழுப்பிய எதிர்ப்பை அடுத்து 1920களின் தொடக்கத்தில் அத்தெரு 'சூலியா தெரு' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பினாங்கிலோ 'கப்பித்தான் கெலிங்' என்னும் பெயர் பள்ளிவாசலின் மீது பெருமைக்குரிய பட்டமாக நின்று நிலைத்துவிட்டது. ஒரே சொல் ஓரூரில் அகற்றப்பட்டு மற்றோரூரில் போற்றப்படுவது, சொற்களின் இழிவும் உயர்வும் அவற்றைத் தாங்கியோரின் நிலையைப் பொறுத்தன என்பதைக் காட்டும்.

வாயில்

பள்ளிவாசலைத் தோற்றுவித்தவராக அன்சார் சாகிப் என்பவரைக் குறிப்பர். மேலே கூறிய மற்ற இரு தலங்களோடும் அவர் பெயர் தொடர்புபடுத்தப்படுகின்றது. அவரது வாழ்வைப் பற்றி ஆவணங்கள் தருவது குறைவு. கட்டடமே அவரைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகின்றது.

சாலையை நோக்கிய வாயிலே இப்பள்ளிவாசலின் புகழ்பெற்ற உறுப்பு. இருபுறத்து மினாராக்களும் எண்கோண வடிவின. ஏழு நிலைகளாக அவை மேலெழுகின்றன. ஒவ்வொரு நிலையிலும் மிஹ்ராபைப் போன்ற சிறு மாடங்கள் ஆழக் குடையப்பட்டுள்ளன. நண்பகல் வெயிலில் அம்மாடங்களின் நிழல் சுவரில் விழும்போது, உருவம் எதுவும் செதுக்காமலேயே சிற்ப நெருக்கம் உண்டாகிவிடுகின்றது. மினாராக்களை இணைக்கும் முகப்பு நான்கு மாடி அரண்மனையொன்றின் சிற்றுரு. சின்னஞ்சிறு கதவுகளும் சிலுவை வடிவச் சாளரங்களும் அதில் உள்ளன. அக்கதவுகளுள் எவரும் நுழைய இயலாது. அச்சாளரங்களில் எவரும் எட்டிப் பார்க்க இயலாது. அவை கண்ணுக்கு உரியவை.

இவ்வாயிலுக்கு மிக நெருங்கிய உறவு தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்காவேயாகும். அங்கும் சிற்றரண்மனை முகப்பைக் காணலாம். அதன் மூலைகளில் பல நிலை மினாராக்கள் நிற்கின்றன. அத்தர்காவோ நாகூரில் அடங்கியுள்ள சாகுல் அமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பப்பட்டது. கப்பலோட்டிகளைக் காப்பவர் எனப் போற்றப்படும் அவருக்கு, பாய்மரக் கப்பலில் வங்கக் கடலைக் கடந்து வந்தோர், அக்காலத்தில் கடற்கரையாகவே இருந்த தெலுக் ஆயரில் நினைவிடம் எழுப்பியதில் வியப்பில்லை. அத்தெருவுக்கு முன்னிருந்த கடல் 1880களில் தூர்க்கப்பட்டுவிட்டது. அந்நிலம் 1827இல் காதர்பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டபோது, மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டடம் எழுப்பலாகாது என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணமும் கொண்டு நிலையாகக் கட்டும் முயற்சிக்கு அரசின் இத்தகைய விதிகளும் ஒரு காரணம் எனல் தகும்.

நாகூரில் உள்ள மூலத் தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயரமானது 131 அடி கொண்டது. அதனைக் கட்டுவித்தவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். இந்து மன்னர் எழுப்பிய முஸ்லிம் மினாராவின் நினைவைச் சுமந்துவந்த வணிகர்களே சிங்கப்பூரில் மீண்டும் அடுக்கடுக்கான மினாராக்களை எழுப்பினர். அடுக்கு என்னும் கருத்து சோழமண்டலக் கரையில் சமய எல்லைகளைக் கடந்தது. கோபுரத்தின் தளத்தையும் மினாராவின் தளத்தையும் 'நிலை' என்னும் ஒரே சொல்லால் நாம் குறிக்க இயல்வது தற்செயல் அன்று.

இங்கு ஒரு திருத்தம் வேண்டும். பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைப் பார்த்தே இவ்வாயில் அமைக்கப்பட்டது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அக்கோயிலில் இன்று காணும் கோபுரம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியது. பள்ளிவாசலோ 1830களில் எழுந்தது. பின்னது முன்னதற்கு மாதிரியாக இருத்தல் இயலாது. இரண்டும் ஒரே கரையின் கட்டட நினைவிலிருந்து தனித்தனியே பிறந்தவை என்பதே பொருந்தும். அண்டை வீட்டாரிடமிருந்து கடன் பெற்றதாகத் தோன்றும் பொருள் சில வேளைகளில் ஒரே தாய்வீட்டுச் சீதனமாக இருந்துவிடுவதுண்டு.

தொழுகைக் கூடம்

வாயிலைக் கடந்து உட்செல்வோர் ஒரு மாற்றத்தை உணர்வர். முன்னே நிற்பது மூடிய முன்றில். அதனை அடுத்துத் துணைக்கூடமும் உள்ளே பெரிய தொழுகைக் கூடமும் அமைந்துள்ளன. வாயிலின் நெருக்கமான வேலைப்பாடு இங்கு முற்றிலும் நின்றுவிடுகின்றது. பெரிய கூடம் நீள்சதுர வடிவினது. உயர்ந்த கூரையும் நல்ல காற்றோட்டமும் உடையது. இரு வரிசையாக நிற்கும் டஸ்கன் பாணித் தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. சாளரங்கள் அகன்றவை, மரச் சட்டங்கள் பொருத்தப்பட்டவை, அவற்றின் மேல் அரைவட்ட வடிவில் விசிறிச் சாளரங்கள் அமைந்துள்ளன. பச்சை மெருகேற்றிய சீன ஓடுகள் கைப்பிடிச் சுவர்களில் காற்றுத் துளைகளாகப் பதிக்கப்பட்டுள்ளன.

இக்கூடத்தின் மேல் குவிமாடம் இல்லை. பள்ளிவாசல் என்றவுடன் பெரிய குவிமாடத்தை எதிர்பார்க்கும் இன்றைய கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற சோழ, பாண்டியக் கரையூர்களின் பழம் பள்ளிகளை அறிந்தவர்க்கு இதில் குறையேதும் தோன்றாது. தூண்கள் நிறைந்த நீண்ட கூடம், தட்டையான கூரை, முன்னே ஒரு மண்டபம் என்பதே அங்குள்ள மரபு. கற்றளி கட்டிய தச்சர் மரபே பள்ளிகளையும் எழுப்பியது. மலாய் நாடுகளில் பெருங்குவிமாடம் பரவலான அடையாளமானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆகும். சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசல் 1920களில் பொன்னிறக் குவிமாடத்துடன் புதிதாக எழுந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முகலாயச் சாயலில் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. 1801ஆம் ஆண்டு தொடங்கிய அப்பள்ளியின் முதல் வடிவத்தை இன்று நாம் பார்க்க முடியாது. ஜாமிஆ பள்ளிவாசலோ பெரிய மாற்றமின்றி நிலைத்துள்ளது. மலாயாத் தமிழ் முஸ்லிம்களின் தொடக்ககாலப் பள்ளி எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு, மூத்த பினாங்குப் பள்ளியைவிட இளைய சிங்கப்பூர்ப் பள்ளியே நம்பத்தகுந்த சான்று என்பது எமது துணிபு.

இனி, இக்கட்டடத்தின் மையமான கூறு ஒன்றுக்கு வருவோம். வாயில் சாலைக்கு நேராக நிற்கின்றது. உள்ளே உள்ள கூடமோ அவ்வாறு இல்லை. சிங்கப்பூரிலிருந்து மக்கா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசையில் உள்ளது. தொழுகைக் கூடமும் அதனோடு சேர்ந்த அடக்கத்தலமும் அக்கிப்லாத் திசையையே அச்சாகக் கொண்டுள்ளன. எனவே கட்டடம் தன் வாயிலோடு ஒரு கோணத்தில் திரும்பி நிற்கின்றது. தரைப்படத்தைப் பார்ப்போர்க்கு இது உடனே விளங்கும். நேரில் செல்வோர், முன்றிலில் நடக்கும்போது தம் கால்கள் தாமே சற்றுத் திரும்புவதை உணர்வர்.

நில அளவைத் துறையின் கோட்டுக்கு வாயில் கீழ்ப்படிந்தது. கூடம் வேறொரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆப்பு வடிவ வெளியே முன்றில். கெய்ரோவிலும் இசுபகானிலும் பழம் பள்ளிவாசல்கள் பலவற்றில் இதே சிக்கல் எழுந்துள்ளது. பெருஞ்சிற்பிகள் அதனை வளைந்த நடைவழிகளால் தீர்த்தனர். சிங்கப்பூரில் அதனைத் தீர்த்தோர் வணிகரும் படகுக்காரரும் பணம் மாற்றுவோரும் சேர்த்த பொருளில் பணிசெய்த, பெயர் தெரியாத கொத்தனார்கள். இசுபகானின் அளவும் அழகும் இதற்கு இல்லை என்பது உண்மை. எனினும் அதே சிக்கலை இவர்களும் எதிர்கொண்டு, தெளிவாகவே தீர்த்துள்ளனர்.

கோல்மன் என்னும் பெயர்

டஸ்கன் தூண்களைக் கண்டவுடன் ஜார்ஜ் கோல்மனின் பெயரைச் சொல்லும் வழக்கம் ஒன்றுண்டு. அயர்லாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர் 1822இல் சிங்கப்பூர் வந்து, இடையில் சாவகம் சென்று, 1826இல் திரும்பினார், 1833இல் பொதுப்பணிக் கண்காணிப்பாளரானார், 1844இல் மறைந்தார். 1835இல் எழுந்த ஆர்மீனியத் திருக்கோயில் அவரது சிறந்த படைப்பு. காலம் பொருந்துகின்றது, தூண்களின் சாயலும் பொருந்துகின்றது. ஆகவே கூடம் 'கோல்மன் பாணியில்' உள்ளது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் 'கோல்மன் பாணியில் உள்ளது' என்பது 'கோல்மன் கட்டியது' என்பதாக மெல்ல நழுவிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. டஸ்கன் தூண் அக்காலத்தில் ஒருவருடைய தனியுடைமை அன்று. சென்னை, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி முதலிய ஐரோப்பியர் குடியிருப்புகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் கொத்தனார்கள் செங்கல்லை அடுக்கிச் சுண்ணம் பூசி வட்டத் தூண் சமைத்துக் கொண்டிருந்தனர். முட்டைவெண்கரு சேர்த்து அரைத்த சென்னைச் சாந்தின் பளபளப்பு ஐரோப்பியரை வியக்கச் செய்தது. சோழமண்டலக் கரையினர் ஐரோப்பியத் தூணை அறிந்துகொள்ளச் சிங்கப்பூரில் ஓர் ஐரியரைக் காணும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டியவர் பெயர் எழுதப்படாத இடத்திலெல்லாம் எழுதப்பட்ட பெயரொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது வரலாற்றெழுத்தின் பழைய நோய். காலனிய ஆவணத்தில் பெயர் உள்ளவர்க்கே கலை உண்டு என்றாகிவிடும் ஆபத்து இதில் அடங்கியுள்ளது.

அடக்கத்தலமும் நிருவாகமும்

வளாகத்தினுள் ஓர் அடக்கத்தலம் உண்டு. முகம்மது சாலிஹ் என்னும் பெரியாருடையது அது. ஆங்கிலக் குறிப்புகள் அவர் பெயருக்குப் பின் 'வலின்வா' என ஒரு சொல்லைச் சேர்க்கின்றன. இறைநேசரைக் குறிக்கும் 'வலியுல்லாஹ்' என்பதே கேட்டெழுதியவர் கையில் இவ்வாறு சிதைந்திருத்தல் வேண்டும் என்று கருதுகின்றோம். தொழுமிடத்தோடு இறைநேசர் அடக்கத்தலத்தைச் சேர்த்துப் போற்றுவது சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் பழைய வழக்கம். பின்னாளில் எழுந்த சீர்திருத்தக் கருத்துகள் இவ்வழக்கத்தை வினாவுக்கு உட்படுத்தியதை நாம் அறிவோம். அவ்விவாதத்தில் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அடக்கத்தலம் இன்றும் அவ்விடத்தில் உள்ளது.

நிருவாக வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். தொடக்கத்தில் நிறுவியவர் பொறுப்பிலும் பின் சமூகப் பெரியவர்கள், அறங்காவலர்கள் பொறுப்பிலும் இருந்தது. அறக்கொடைச் சொத்துகளைப் பற்றிய பூசல்கள் நீரிணைக் குடியேற்றங்கள் எங்கும் பெருகியமையால் அரசு 1905ஆம் ஆண்டு முகமதிய இந்து அறக்கொடைச் சட்டத்தை இயற்றியது. அதன்வழி அமைந்த வாரியத்தின் கீழ் இப்பள்ளிவாசலும் வந்தது. முஸ்லிம் பள்ளிகளையும் இந்துக் கோயில்களையும் ஒரே வாரியம் ஆண்ட காலம் அது. பின்னர், 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிருவாகச் சட்டத்தின் வழி 1968இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் அமைந்தபோது பொறுப்பு அதனிடம் சென்றது. 1974இல் பள்ளிவாசல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் நாகூர் தர்காவும் அல் அப்ரார் பள்ளிவாசலும் அத்தகுதி பெற்றன.

இதனால் விளைந்த நன்மைகள் பல. தனியார் பூசல்கள் ஓய்ந்தன, பழுதுபார்ப்பு முறைப்பட்டது, இடிக்கப்படும் அச்சம் நீங்கியது. எனினும், தமிழ் முஸ்லிம் ஊரார் தம் பள்ளி என்று கருதி நடத்திய இடம் நாடளாவிய அமைப்பொன்றின் பள்ளிகளுள் ஒன்றாயிற்று. இம்மாற்றத்தின் ஆதாயத்தையும் இழப்பையும் பிரித்தறியும் ஆய்வு இதுவரை போதிய அளவு செய்யப்படவில்லை.

பள்ளியின் மொழி

இப்பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் நிகழ்த்தப்படுகின்றது. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று என்றாலும், முஸ்லிம் என்றாலே மலாய் என்னும் எண்ணம் பொதுவாக வேரூன்றியுள்ள சூழலில் இது எளிய செய்தியன்று.

சிங்கப்பூரின் தமிழ் எழுத்து வரலாற்றில் முஸ்லிம்களின் பங்கு முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கது. 1887 முதல் 1890 வரை வெளிவந்த 'சிங்கை நேசன்' இதழை நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு. பழைய இதழ்களை ஆராய்வோர் எவரும் அவரைக் கடந்து செல்ல இயலாது. அடுத்த நூற்றாண்டில் தஞ்சோங் பகார் பகுதியில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப்பள்ளியை நிறுவினர். பிற்காலத்தில் அது தமிழ் உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்தமையால் 1982இல் மூடப்பட்டது. இறைத்தொண்டும் தமிழ்த்தொண்டும் இருவேறு பணிகள் என அவர்கள் நினைக்கவில்லை. அவ்விரண்டும் நடந்த நிலப்பரப்பு பெரிய பள்ளியிலிருந்து நடந்தே செல்லும் தொலைவுக்குள் அடங்கியது.

அந்நிலப்பரப்பு இன்று இல்லை. 1970களிலும் 1980களிலும் நகரின் மையத்திலிருந்து மக்கள் புறநகர் வீடமைப்புப் பேட்டைகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பள்ளியைச் சூழ்ந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் தீவெங்கும் சிதறின. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடமாக மலாயைத் தேர்ந்துகொண்ட தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் பல. மதரஸாவில் பயன்படும் மொழி அது; அண்டை வீட்டு முஸ்லிமின் மொழியும் அதுவே. அத்தேர்வில் உள்ள நியாயத்தை நாம் மறுக்கவில்லை. தமிழாசிரியர்கள் சிலர் அக்குடும்பங்களை மொழிப்பற்றற்றோர் எனக் குறை கூறக் கேட்டதுண்டு. தமிழைச் சமயம் ஒன்றின் மொழியாகவே பாடநூல்களிலும் பண்பாட்டு மேடைகளிலும் காட்டிவந்தோர்க்கு அக்குறையைக் கூறும் உரிமை உண்டா என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் அங்கு சென்றால், சுற்றியுள்ள அலுவலகங்களில் பணியாற்றுவோரையும் தமிழகத்திலிருந்து பணிக்கு வந்துள்ள இளைஞரையும் ஒருங்கே காணலாம். முன்றில் நிறைந்து, சில வேளைகளில் வாயில்வரை வரிசைகள் நீளும். வாயிலினுள் நுழைந்தவர் சாலையின் கோட்டை விட்டுச் சற்றே திரும்பி, கூடத்தின் திசைக்கு ஒத்து வரிசையில் நிற்பர். பேருரை தொடங்கும். வெளியே சவுத் பிரிட்ஜ் சாலையில் சுற்றுப்பயணியர் சிலர் நின்று சின்னஞ்சிறு கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பர்.